ஒன்பது வருடம் நின்ற சைக்கிளை ஓட வைத்த வேலை

மாடிப்படிக்குக் கீழே ஒன்பது வருடம் சாத்தி வைத்திருந்த 28 இஞ்ச் சைக்கிள். ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்), முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. மதுரைப் பக்கம் நிறைய வீடுகளில் இப்படி ஒன்று நிற்கும். இல்லையென்றால் பிளஸ் ஒன்னில் பிள்ளைக்குக் கிடைத்த விலையில்லா சைக்கிள் நிற்கும். வெளியே எடுத்ததும் துடைத்து, காத்தடித்து, செயினில் எண்ணெய் விட்டு ஏறி மிதித்துவிடத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து மிதிக்காதீர்கள், கடைக்குக்கூட உருட்டியே கொண்டு போங்கள். துரு வெளியே தெரிகிறது, அதனால் அதையே பார்க்கிறோம். நிற்கிற சைக்கிளில் முதலில் சாவது ரப்பரும், சக்கரத்தின் நடுக் குடமான ஹப்புக்குள் இருக்கும் கிரீஸும்தான்.

முதல் நாள் ராத்திரியே எல்லா நட்டிலும், கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளிலும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு வைத்தோம். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும், பெட்ரோல் வேண்டாம். காலையில் பாதி நட்டுகள் தகராறு இல்லாமல் கழன்றன.

முன் ஹப்பைத் திறந்தபோது பழைய கிரீஸ் மெழுகு மாதிரி பழுப்பாக இறுகி, குண்டுகள் அதற்குள் புதைந்து கிடந்தன. குண்டு சுழலாமல் இழுபட்டுக்கொண்டே போனால் கோனில், அதாவது குண்டுகள் உருளும் கூம்பு நட்டில், குழி விழும். கோனைத் துடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் நகத்தை வைத்து இழுக்கும்போது தட்டினால் அந்தக் கோன் போய்விட்டது. எங்களுக்குப் பின் ஹப்பில் செயின் பக்கக் கோன் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. குண்டுகளைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள், விலை சொற்பம், எல்லாம் புதிதாகவே போடுங்கள். முன்சக்கரத்துக்கு 3/16 இஞ்ச், பக்கத்துக்கு 10. பின்சக்கரத்துக்கு 1/4 இஞ்ச், பக்கத்துக்கு 9. பெடல் தண்டுகளின் அச்சு சுழலும் பி.பி.க்கும் 1/4 இஞ்ச்தான், பக்கத்துக்கு 11. கோனை முறுக்கிய பிறகு ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்தால், அந்தக் கனத்துக்கே சக்கரம் தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோன் இறுக்கம்.

பலர் சைக்கிளைப் பாழாக்குவது கிராங்கை (பெடல் தண்டை) அச்சோடு பூட்டும் ஆப்பான காட்டர் பின்னைக் கழற்றும்போது. சின்னச் சுத்தியலால் டொக் டொக் என்று பத்துத் தட்டு தட்டினால் பின்னின் நுனி விரிந்து பூப்போல மலர்ந்துவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க முடியும். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி விட்டு, கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, ஒரே போடாகப் போட வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க பி.பி. குண்டுகளில் இறங்கும். புதுப் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே பக்கமிருந்து போட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது. இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான பிரீவீல் இரண்டு பக்கமும் சும்மா சுற்றியது, மிதித்தால் பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் பழைய பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சக்கரத்தைப் படுக்க வைத்து இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றச் சுற்ற, கறுப்பாக வடிந்து டிக் டிக் சத்தம் திரும்பியது. அதன் பிறகு தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு. இங்கே கிரீஸ் போட்டால் நாக்கு மறுபடி ஒட்டும்.

ரிம்மின் கோட்டம் எடுக்க ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், ரிம் எங்கே தள்ளி வருகிறதோ அங்கே கோடு விழும். இடப்பக்கம் தள்ளியிருந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக முழுச் சுற்று திருப்பினால் ரிம் முட்டை வடிவமாகிவிடும். துருப்பிடித்த நிப்பிள் மூன்று உடைந்தன, கம்பியோடு மாற்றினோம்.

டயரின் பக்கச் சுவரில் வெயில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அளவை டயர் மேலேயே படித்து வாங்குங்கள், 28 x 1½ என்று இருக்கும். ட்யூப் போடுமுன் ரிம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியை அரத்தால் ராவி, ரிம் டேப்பைப் புதிதாகச் சுற்ற வேண்டும். ட்யூப்பில் கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் டயரோடு ஒட்டாது. பழைய டயரையே வைத்துக்கொள்பவர்கள் உள்பக்கம் துணியை வைத்து ஒரு சுற்று துடையுங்கள். கண்மாய்க் கரையில் ஓடிய சைக்கிளில் சீமைக் கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளேயே இருக்கும், துணி அதில் மாட்டும். காத்து மெல்ல இறங்கினால் பஞ்சர் பார்க்குமுன் வால்வின் ரப்பர் குழாயான வால்டியூப்பை மாற்றுங்கள். ஒன்பது வருடத்தில் அந்தச் சின்ன ரப்பர் நிச்சயம் விறைத்திருக்கும். காத்து 45 பவுண்டு போதும். பெட்ரோல் பங்க் காத்து வேண்டாம், ஒரு நொடியில் ஏறி ட்யூப் வெடிக்கும். சித்திரை வெயிலில் நிறுத்துவதாக இருந்தால் கொஞ்சம் குறைவாகவே அடியுங்கள்.

செயினில் 12 இஞ்ச் அளந்து பாருங்கள். கண்ணிகளை இணைக்கும் ஆணி ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரை 24 கண்ணி, சரியாக 12 வர வேண்டும். 12⅛ வந்தால் செயின் இழுத்துவிட்டது. இழுத்த செயினோடு ஓடிய பிரீவீல் பல்லில் புதுச் செயின் தாவும், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும். செயின் நடுவில் அரை இஞ்ச் தொய்வு வைத்துச் சக்கரத்தை முடுக்குங்கள். ராடு பிரேக்கைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் சக்கரத்தைப் பின்னால் தள்ளும்போது ரிம் பின் பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் வந்து உரச ஆரம்பிக்கும். கட்டைகள் கல்லாக இறுகியிருந்தால் நான்கையும் மாற்றி, ரிம்முக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைக் காலை 6 மணிக்குச் சுற்றினோம். சமதளம், சத்தமில்லாத நேரம், ஒவ்வொரு கிரீச்சும் காதில் விழும். மூன்றாவது சுற்றில் இடது பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஒரு டக். காட்டர் பின் புதிதாக உட்கார்ந்து இளகியிருந்தது; கையோடு கொண்டுபோன ஸ்பேனரால் நட்டு முக்கால் சுற்று ஏறியது. 20 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கால் சுற்று ஏறியது, அதற்குப் பிறகு இளகவில்லை.