ஃபெரி எட்டும் தூரம்: ஆறு மாத ஓய்வுநாள் குறிப்பு

நோட்டில் இதுவரை ஒன்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம். அதில் இரண்டு பக்கத்தில் 'மழை, திரும்பிவிட்டேன்' என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. மீதி ஏழும் எனக்கு முக்கியமானவை.

எனக்கு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை. வீடு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று சுழல்வதால் ஓய்வுநாள் பெரும்பாலும் செவ்வாய், புதன் என்று யாருக்கும் ஒத்துவராத நாளில்தான் விழும். மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்டால் வீட்டில் நானும் அம்மாவும்தான். தமிழ்நாட்டுக்குப் போய்வர மூன்று வருடமாகக் காசு சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு செலவு வந்து அதைக் கொண்டுபோனது. கடைசியாகக் கொண்டுபோனது ஒழுகிய கூரை.

அந்த வாரத்தில் ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா, பொறந்ததுலேர்ந்து இங்கதானே இருக்கீங்க, பாலிக் புலாவ் பார்த்திருக்கீங்களா?" தீவின் மறுபக்கம் இருக்கும் அந்த ஊருக்கு டூரியான் வாங்க இரண்டு முறை காரில் போனதைச் சொன்னேன். "அது டூரியான் வாங்கப் போனது. நான் பார்த்தீங்களான்னு கேட்டேன்" என்றாள். அன்றிரவே நோட்டைத் திறந்து எனக்கு நானே நான்கு விதி எழுதிக்கொண்டேன். கார் எடுக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவு கூடாது. திரும்பிய அன்றே ஒரு பக்கம் எழுத வேண்டும். ஐந்தாவது விதி முதல் பயணம் முடிந்த பிறகுதான் சேர்ந்தது.

முதல் பயணம் ஃபெரியில், எதிரே தீவில் இருக்கும் ஜோர்ஜ்டவுன். 1894-இல் தொடங்கிய ஃபெரிச் சேவை இது. கார் ஏற்றும் பழைய பெரிய ஃபெரிகள் போய், இப்போது ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும் ஏறும் புதிய ஃபெரிகள் 2023-இலிருந்து ஓடுகின்றன. தண்ணீரில் இருப்பது பத்து, பதினைந்து நிமிடம்தான். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். அன்று பார்க்கவில்லை. அப்புறம் ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையிலிருந்து நடந்து லெபோ குயின் (குயின் தெரு) மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் தர்கா, குட்டி இந்தியா, பீரங்கிக் கோட்டை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தேன். கோயில் 1833-இல் எழும்பியது, பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. தமிழ் பேசியவர்கள் கட்டிய இந்த இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். இதெல்லாம் எழுதி வைத்ததால் நினைவிருக்கிறது. கண்ணால் பார்த்தது என்று கேட்டால் எல்லாம் குழம்பிப்போயிருந்தது. மாலையில் கால் வலியும், எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்ற வருத்தமும்தான் மிச்சம். அதனால் ஐந்தாவது விதி: ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். கிளம்பும் முன் அதை நோட்டில் எழுதிவிட வேண்டும்.

அந்த விதியைப் போட்ட பிறகு வந்ததுதான் செரோக் தொக்குன் பாறையைப் பார்க்கப் போனது. என் ஒன்பது பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எங்கள் கரையிலேயே இருக்கும் புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயம் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஜூலை மாதத் திருவிழாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். மதம் பார்க்காமல் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தேவாலய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் பாறை இருக்கிறது, அதில் பல்லவ எழுத்து வெட்டியிருக்கிறது என்பது எனக்கு நாற்பத்து நான்கு வயதுவரை தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ 1845-இல் அதைப் பதிவு செய்தார். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழமை என்று கணிக்கிறார்கள். இதே லோ 1834-இல் இந்தக் கரையில்தான் இன்னொரு கல்லையும் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பெயர் பொறித்த அந்தக் கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செரோக் தொக்குன் பாறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் வீட்டிலிருந்து கொமுட்டர் ரயிலில் இரண்டே நிறுத்தம்!

கேள்வியை இப்படி எழுதிக்கொண்டேன்: 'அந்த எழுத்து வெறும் கண்ணுக்குத் தெரியுமா?'

தெரியவில்லை. ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து பன்னிரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உச்சி வெயில் நேராகப் பாறைமேல் விழுந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கறுப்பும் சாம்பலும் கலந்த சாதாரணப் பாறை. அரை மணி நேரம் நின்றேன். ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன். அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா கேட்டார்.

"யாரைப் பார்க்க வந்தீங்க தம்பி?"

"இந்தக் கல்லைத்தான் அக்கா. எழுத்து இருக்குன்னாங்க, ஒண்ணும் தெரியல."

"இந்நேரத்துக்கு வந்தா எப்படித் தெரியும்? காலையில வெயில் சாய்வா விழும்போது வாங்க. இல்லாட்டி டார்ச் எடுத்துட்டு வாங்க, பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க."

அடுத்த ஓய்வுநாள் மறுபடி போனேன், விடிந்த உடனேயே. கையில் டார்ச். நேராக அடித்தால் பாறை முழுக்க வெளிச்சமாகி எல்லாம் மறைந்துவிடுகிறது. டார்ச்சைத் தாழ்த்தி, பாறையின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கத்திலிருந்து அடித்தேன். அப்போது பள்ளங்களில் நிழல் நின்றது. முதலில் ஒரு வளைவு. அதன் கீழே இறங்கும் ஒரு கோடு. டார்ச்சை ஒரு விரற்கடை நகர்த்தினால் ஒன்று மறைந்து பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. தேய்ந்து போனவைதான், எனக்குப் படிக்கவும் தெரியாது. ஆனாலும் அது மழை அரித்த பள்ளம் இல்லை, ஒருவன் உளி வைத்து இழுத்த கோடு என்பது கண்ணுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பல்லவ எழுத்திலிருந்துதான் கிரந்தமும் பிறந்தது. கெமர், ஜாவா எழுத்துகளும் அந்த வழியில் வந்தவைதான். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு கையெழுத்து, நான் தினமும் வேலைக்குப் போகும் ஊருக்குப் பக்கத்தில் இத்தனை காலமாகக் கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அக்காவுக்கு நன்றி சொல்லத் தேடினேன், அன்று அவர் வரவில்லை.

ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போவது வீண் என்று முன்பு நினைப்பேன். இப்போது முதல் முறை போவதையே வழி பார்த்துவரப் போவதாக வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது தீவைச் சுற்றி ஒரு வட்டம், பஸ்ஸிலேயே. ஜெட்டியில் 101-ஆம் எண் ஏறி தஞ்சோங் பூங்கா, பத்து பிரிங்கி வழியாகத் தெலுக் பஹாங். அங்கே 501 மாறி மலைப்பாதையில் பாலிக் புலாவ். பிறகு 401-இல் மறுபடி ஜெட்டி. கேள்வி மகளுடையது: 'சாதிக்காய் மரத்தில் எப்படி இருக்கும்?' பள்ளி விடுமுறை என்பதால் அவளும் வந்தாள்.

தெலுக் பஹாங்கில் பஸ்ஸைத் தவறவிட்டோம். 501 அடிக்கடி வரும் பஸ் இல்லை என்று தெரிந்தும், கடற்கரையில் இன்னும் ஐந்து நிமிடம் என்று நான்தான் இழுத்தேன். ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். எனக்கு எரிச்சல். மகள் அந்த நேரத்தில் மீன்பிடிப் படகுகளின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தாள். அன்றைய பக்கத்தில் பாதி அந்தப் பட்டியல்தான்.

தெலுக் பஹாங் தாண்டியதும் சாலை மலைமேல் வளைந்து ஏறுகிறது. தீத்தி கெராவாங் பக்கம் வரும்போது காற்றே குளிர்ந்துவிட்டது. ஒரு பழக்கடையில் மலாய்க்கார மாக்சிக் (அத்தை வயதுப் பெண்) ஒருவர் சாதிக்காய் வைத்திருந்தார். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரியது, மஞ்சள் நிறம். பழத்தில் இயற்கையாகவே ஒரு வரை ஓடுகிறது. அதில் கத்தியை வைத்துத் திருப்பினார். இரண்டாகப் பிளந்ததும் உள்ளே பளபளக்கும் கருமண்நிற ஓடு, அதைச் சுற்றிச் சிவப்பு நூலில் பின்னியது போல ஒரு வலை. அந்த வலைதான் சாதிபத்திரி! பிரியாணியில் போடும் மங்கிய மஞ்சள் சருகு, மரத்திலிருந்து வந்த புதிதில் இரத்தச் சிவப்பாக இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஓட்டுக்குள் இருக்கும் கொட்டைதான், குழந்தைக்கு உரைகல்லில் பாலோடு உரைத்து ஊட்டும் சாதிக்காய். சதையை இங்கே ஊறுகாயும் சாறும் ஆக்குகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிக்காரர்கள் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகள் கொண்டுவந்து இந்தத் தீவில் வைத்ததில் தொடங்கியது இது. மகள் அந்தச் சிவப்பு வலையைக் கிழியாமல் உரித்து நோட்டுக்குள் வைத்தாள். இப்போது அது காய்ந்து ஆரஞ்சு நிறமாகிவிட்டது, பக்கமும் மணக்கிறது.

இதே தீவுக்குக் காரில் போயிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போயிருப்போம். பஸ்ஸிலும் தாண்டிப் போகத்தான் இருந்தோம். இறங்கலாம் என்று மணியை அழுத்தியவள் அவள்தான். அதற்கு அடுத்த பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. இந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை.

தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலை (பினாங்கு மலை) ஏறும் முயற்சி பாதியில் நின்றது. ஐந்து கிலோமீட்டர்தானே என்று நினைத்தேன். சரிவு முழங்காலைப் பிடித்தது. அதற்குள் இடி இடிக்க ஆரம்பித்ததால் இறங்கிவிட்டேன். தூரத்தை மட்டும் பார்க்கக் கூடாது, எத்தனை மீட்டர் ஏற்றம் என்றும் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். மலையுச்சி எண்ணூறு மீட்டருக்கும் மேல்.

ஆனால் அந்தப் பூங்காவுக்கே அம்மாவோடு மறுபடி போனேன். 1884-இல் அமைத்த பூங்கா. தைப்பூசத்துக்கு வருடா வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறோம், அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் பூங்கா வாசல். என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒருநாளும் உள்ளே போனதில்லையாம். 'தைப்பூசத்தன்னைக்கு யார்யா பூங்கா பார்ப்பா' என்றார். அங்கே நாகலிங்க மரம் நிற்கிறது. பூக்கள் கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. பீரங்கிக் குண்டு போலக் காய்கள். கீழே விழுந்திருந்த ஒரு பூவை அம்மா எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தடித்த இதழ்கள், நடுவில் சிறு லிங்கம், அதன்மேல் படம் எடுத்துக் கவிந்த பாம்புத் தலை. மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்று பலகை பார்த்துச் சொன்னேன். "எங்கேர்ந்து வந்தா என்னய்யா, சாமி உள்ள இருக்கு பாரு" என்று சொல்லிப் பூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அன்று மலைக்கோயிலின் 513 படியை நாங்கள் ஏறவில்லை. கீழே நின்று கும்பிட்டுவிட்டு, தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வந்தோம். செலவு இருவருக்கும் சேர்த்துப் பதினான்கு வெள்ளி.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயம். காலை ஏழுக்கு முன் கிளம்புங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே மதியத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. என் இரண்டு வெற்றுப் பக்கமும் அக்டோபரில் வந்தவை. ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, டார்ச். கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். படம் குறைவாக எடுங்கள், கேள்வியை மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். 'பினாங்கின் வரலாறு என்ன' என்று கேட்டுக்கொண்டு போனால் என் முதல் பயணம் மாதிரிதான் ஆகும்.

ஒன்பதாவது பக்கம் போன வாரம் எழுதியது. அம்மாவை அழைத்துக்கொண்டு பாயான் லெப்பாஸ் பக்கம் கடலோரம் போனேன். எதிரே ஜெரெஜாக் தீவு. 1870-களிலிருந்து அங்கே தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள், கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தியும் வைத்தார்கள். பிற்பாடு 1969-இலிருந்து 1993 வரை சிறை. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி வந்தவர். கரை தெரிந்தும் காலை வைக்க விடாமல் தீவில் வைத்திருந்ததைச் சொல்லிச் சொல்லி அழுவாராம். அந்தத் தீவு எது என்று அம்மாவுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை. காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவு கிட்டவாய்யா இருந்துச்சு கரை?" என்றார்.

அடுத்த ஓய்வு புதன்கிழமை. நோட்டில் கேள்வி எழுதியாகிவிட்டது, இந்த முறை அம்மாவின் கையெழுத்தில்: 'தீவிலிருந்து விட்டபிறகு ஆத்தாவை எந்தத் துறையில் இறக்கினார்கள்?'