நெல் ஒரு பக்கம், பட்டி ஒரு பக்கம்

இலங்கையின் வடக்கே வன்னியில் கமக்காரர், அதாவது விவசாயிகள், எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களுக்குக் கீழே வயல் உள்ளவருக்குத் தண்ணீர் இருக்கிற வருடம் சிறுபோகமும், அதாவது கோடைப் பயிரும் உண்டு. மானாவாரிக்காரருக்குக் காலபோகம் என்ற மாரிப் பயிர் மட்டும்தான். விவசாயப் போதனாசிரியராக நான் அதிகம் பழகியது இந்த இரண்டாவது கூட்டத்தோடு.

அவர்களுடைய சூதாட்டம் புழுதி விதைப்பில் தொடங்கும். மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முன்பு ஐப்பசி மழை பெரிதாக ஏமாற்றாது. இப்போது ஒரு மழை பெய்து முளைக்க வைத்துவிட்டு, அடுத்த மழை வருவதற்குள் முளை கருகிவிடுகிறது. திரும்ப விதைக்க விதைநெல்லுக்குக் கடன். ஒருவழியாகக் கதிர் முற்றினால் தை மாதத்தில், அறுவடை நேரத்தில் மழை கொட்டுகிறது. உழுந்து போட்டவர் பாடு இன்னும் மோசம், செடியிலேயே முளைத்துவிடும்.

குறுகிய வயது இனம் போடச் சொல்லித்தான் எங்களை அனுப்புவார்கள். சிவப்பரிசி நெல் ஏடி 362 மூன்றரை மாதம், வெள்ளையரிசி நெல் பிஜி 300 மூன்று மாதம். "அது சரி தம்பி, வெள்ளை அரிசியை ஆர் இஞ்ச புழுங்கல் போடப் போகினம்?" என்றார் ஒரு ஐயா. நியாயமான கேள்வி. அரை மாதம் மிச்சம் பிடித்துவிட்டு, வீட்டுச் சோற்றுக்குச் சிவப்பரிசியைக் கடையில் வாங்க யாருக்கு மனம் வரும்?

உண்மையில் இவர்களைத் தாங்கியது பட்டி மாடுதான், கூட்டமாக மேயவிடும் மாடுகள். காலபோகம் முடியும்வரை மாடுகள் காட்டோரம், அறுவடை முடிந்ததும் வயலுக்கு. நெல் தாள் மாட்டுக்கு, எரு வயலுக்கு. நெல் பொய்த்த வருடம் இரண்டு நாம்பனை, இளங்காளையை, விற்றால் கடை பாக்கி தீரும். எங்கள் படிவங்களில் இதற்கு இடமே இல்லை. நெல் ஏக்கரைக் கேட்பார்கள், பட்டியைக் கேட்கமாட்டார்கள்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் அந்தத் தூணும் ஆடியது. வடக்கிலும் கிழக்கிலும் விடாத மழையிலும் குளிர்காற்றிலும் திறந்த வெளியில் நின்ற மாடுகள் பெருமளவில் செத்தன. வெயிலுக்குப் பழகிய மாடுகள், ஒதுங்க ஒரு கொட்டில்கூட இல்லை. வரட்சிக்கு ஆயத்தம் செய்தவர்கள் குளிரை நினைக்கவில்லை.

கொட்டில் போடலாம்தான், ஆனால் எங்கே போடுவது? மேய்ச்சல் தரை என்று எல்லை போட்டுத் தந்தால்தானே. காட்டுக்குள் போனால் வனத்துறை, வயலோரம் நின்றால் அயலவரோடு சண்டை. என்னைக் கேட்டால், புது விதையினத்தைவிட இதுதான் முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல்.

நெடுங்கேணிப் பக்கத்தில் ஒருவர் பட்டியைப் பாதியாகக் குறைத்துவிட்டு மேட்டுக்காணியில் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுகிறார். விலை பரவாயில்லையாம். இராவில் பன்றிக்குக் காவல் கிடக்கத்தான் ஆளில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை.