தேநீர்க் கழகத்து நால்வர்

பழைய மாணவர் மலர் என்றால் அதிபர்கள், கிரிக்கெட் போட்டிகள், விடுதிச் சாப்பாடு என்று நினைவுகள் வரிசைகட்டி வரும். எனக்குக் கிடைத்த பக்கங்களை நம் கல்லூரி நூலகத்தின் ஆங்கில அலுமாரியிலிருந்து பலரும் மாறி மாறி இரவல் எடுத்த ஒரு நாவலுக்குத் தருகிறேன்: ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்'. அன்று அதை மாயக்கதையாக மட்டுமே வாசித்தோம். அதன் வேர்களில் ஒன்று இன்னொரு பள்ளிக்கூட நூலகத்தில், நம்மைப் போன்ற மாணவர்களிடையே ஓடுகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் பேர்மிங்ஹாமின் கிங் எட்வேர்ட்ஸ். 1552இல் தொடங்கியது. 1911இல் அங்கே மூத்த மாணவராக இருந்த டோல்கீனுக்கு நூலகப் பொறுப்பும் இருந்தது. சோதனைக் காலத்தில் அவரும் நண்பர்களும் விதியை மீறி நூலகத்துக்குள்ளேயே சிறு அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேநீர் குடித்தார்கள். பிறகு கோர்ப்பரேஷன் வீதியில் இருந்த பரோஸ் என்ற கடையின் தேநீர் அறைக்கு இடம் மாறினார்கள். தேநீர்க் கழகமும் பரோவியன் சங்கமும் என்று இரண்டையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆட்கள் வந்து போனாலும் இறுதியில் நிலைத்தவர்கள் நால்வர். கிறிஸ்டோபர் வைஸ்மனுக்குக் கணிதமும் இசையும், தலைமையாசிரியரின் மகன் ரொப் கில்சனுக்கு ஓவியமும் கட்டடக்கலையும், ஜெஃப்ரி பாச்சே ஸ்மித்துக்குக் கவிதை. டோல்கீன் அவர்களுக்குப் பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபையும் வடநாட்டு வீரகதைகளையும் வாசித்துக் காட்டுவார்.

பள்ளியை விட்டபின்னும் அந்தக் கூட்டு குலையவில்லை. இருவர் ஒக்ஸ்ஃபோர்ட், இருவர் கேம்பிரிட்ஜ். 1911 டிசம்பரில் பள்ளி நாடகத்தில் நடிக்க டோல்கீன் பழைய மாணவராகத் திரும்பி வந்து பெண் வேடம் போட்டார். 1914 டிசம்பரில், முதல் உலகப் போர் தொடங்கி நான்கு மாதமான வேளையில், நால்வரும் லண்டனில் வைஸ்மனின் வீட்டில் ஒரு வார இறுதியைக் கழித்தார்கள். தனக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் குரல் கிடைத்தது அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் என்று டோல்கீன் பின்னால் நண்பருக்கு எழுதினார். 1915 செப்டெம்பரில் லிச்ஃபீல்டில் மீண்டும் கூடினார்கள். நால்வரும் சேர்ந்திருந்தது அதுவே கடைசி.

1916 ஜூலை 1, வடபிரான்ஸில் சோம் சண்டையின் முதல் நாள். அன்று ஒரே நாளில் பிரித்தானியப் படையின் இழப்பு 57,470 பேர். அதில் இறந்தவர்கள் 19,240. கில்சன் லா புவாசெல் அருகே தன் அணியை முன்னே நடத்திச் சென்றபோது வீழ்ந்தார். ஸ்மித் முழுக் கோடையும் தப்பினார். நவம்பர் இறுதியில், முன்னரங்கில் அல்ல, பின்னால் ஒரு கிராமத்து வீதியில் நடந்துகொண்டிருந்தபோது எறிகணைச் சிதறல் பட்டது. காயம் முதலில் பெரிதாகத் தோன்றவில்லை. கிருமி தொற்றித் தசை அழுகியது. டிசம்பர் 3இல் இறந்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வராத காலம் அது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தான் இறந்துவிட்டால், தான் சொல்ல முயன்றவற்றைத் தனக்குப் பிறகும் நெடுங்காலம் நீ சொல்வாயாக என்பது அதன் சாரம். ஸ்மித்தின் கவிதைகள் 1918இல் ஒரு சிறு நூலாக வந்தபோது முன்குறிப்பு எழுதியவர் டோல்கீன். வைஸ்மன் கடற்படையிலிருந்து உயிரோடு திரும்பிப் பின்னர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியரானார். டோல்கீன் தன் மூன்றாவது மகனுக்கு அவர் பெயரையே வைத்தார்.

டோல்கீன் லங்காஷயர் ஃபியுசிலியர்ஸ் 11ஆம் பட்டாலியனின் சமிக்ஞை அதிகாரி. முன்னரங்கிலிருந்து பின்தளத்துக்குச் செய்தி போய்ச் சேரவேண்டும் என்பதே அவருடைய வேலை. அதற்கான ஒவ்வொரு வழியிலும் ஒரு கோளாறு இருந்தது. தொலைபேசிக் கம்பியை எறிகணை அறுக்கும். அறுபடாத கம்பியில் பேசுவதை எதிரி நிலத்தின் வழியாகவே ஒட்டுக் கேட்பான். கொடியும் விளக்கும் காட்டினால் காட்டுகிறவர் மீது குறி விழும். மிஞ்சியவை புறாக்களும் ஓடிச் சென்று செய்தி கொடுக்கும் சிப்பாய்களும். இந்த நாவலில் செய்தி பிந்துவது, தவறிப்போவது, பாதியாக வந்து சேர்வது ஆகியவை எவ்வளவு முக்கியமான இடங்களில் வருகின்றன என்று பாருங்கள். சத்திரக்காரர் அனுப்ப மறந்த ஒரு கடிதம் கதையின் போக்கையே மாற்றுகிறது.

ஒக்டோபர் இறுதியில் பேன் பரப்பும் அகழிக் காய்ச்சல் அவரைப் படுக்கவைத்தது. நவம்பரில் பேர்மிங்ஹாம் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குணமாவதும் திரும்ப விழுவதுமாக அந்தக் காய்ச்சல் நீண்டதால் அவர் மறுபடி பிரான்ஸுக்குப் போகவில்லை. அவருடைய பட்டாலியன் 1918 மே மாதத்தில் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. ஒரு பேன் கடித்திராவிட்டால் நாம் அந்தப் புத்தகத்தை இரவல் எடுத்திருக்க மாட்டோம்.

போர் நாவலுக்குக் கொடுத்ததை மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். சேற்றுக்குள் இறந்தவர்களின் முகம் தெரியும் சதுப்பு நிலம் சோமுக்குப் பிந்திய வடபிரான்ஸுக்கு ஓரளவு கடன்பட்டது என்று 1960இல் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். அதே வரியில் வில்லியம் மொரிஸின் பழைய கதைகளுக்கு அதைவிட அதிகக் கடன் என்றும் சேர்த்தார். நாவலின் தோட்டக்காரன் சாம், தான் போரில் கண்ட சாதாரணச் சிப்பாய்களின் சாயல் என்றார். சாமின் குடும்பப் பெயரான கம்ஜி பேர்மிங்ஹாமில் பஞ்சுக் கட்டுக்கு வழங்கிய பெயர். ஜோசப் சாம்ப்சன் கம்ஜி என்ற அந்நகர அறுவைச் சிகிச்சை நிபுணர் 1880இல் உருவாக்கிய கட்டு அது. சாம் உட்பட நாவலின் நாயகர்களான நான்கு ஹொபிட்டுகளையும், அதாவது குட்டை உருவ மக்களையும், நான்கு பள்ளி நண்பர்களாகக் கணக்குப் போடுவது மட்டும் பிழை. நாவலில் நால்வருமே உயிரோடு ஊர் திரும்புகிறார்கள். எனக்கு அந்த வித்தியாசம்தான் நெஞ்சைத் தொடுகிறது.

நாவலின் மற்ற மூலங்கள், பின்னர் பேராசிரியராக அவர் படிப்பித்த பாடங்களிலிருந்து வந்தவை. குதிரைவீரர்களான ரோஹன் மக்கள் பேசுவது பழைய ஆங்கிலம். அவர்களின் உடையைக் கற்பனை செய்ய 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தை வென்ற கதையைத் தையல் சித்திரமாகக் காட்டும் பாயோ திரைச்சீலையைப் பார்க்கச் சொன்னார். அவர்களின் முதிய அரசன் குதிரைக்கு அடியில் நசுங்கி இறப்பதை, கி.பி. 451இல் ஹூணர் தலைவன் அத்திலாவை எதிர்த்த கட்டலௌனியச் சமவெளிப் போரில் இறந்த கோத் அரசன் தியோடரிக்கோடு ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். மந்திரவாதி கண்டல்ஃப் உட்பட ஒரு கூட்டம் பெயர்கள் ஐஸ்லாந்துப் பழம்பாடலில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. நாவலில் வரும் கொண்டோர் இராச்சியம் தேய்ந்துபோன பைசாந்தியப் பேரரசு போன்றது என்று ஒரு பதிப்பாசிரியருக்கு விளக்கினார். இரண்டாம் உலகப் போரும் அணுகுண்டும் மூலமா என்றால், இல்லை என்றே அழுத்தமாக எழுதிவைத்தார்.

மற்றவர்கள் தன் எழுத்துக்குத் தம் நிறச் சாயம் பூசுவதை அவர் 1938இலேயே சந்தித்தார். அவருடைய முந்தைய நாவலான 'ஹொபிட்'டை மொழிபெயர்க்க விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் அவர் ஆரிய வம்சமா என்று உறுதிப்படுத்தக் கேட்டது. அவர் எழுதிய பதில் வரைவு கடுமையானது. ஆரியம் என்பது இந்திய-ஈரானிய மொழிகளைக் குறிக்கும், தன் முன்னோர் யாரும் அவற்றைப் பேசவில்லை. யூதரா என்று கேட்கிறீர்கள் என்றால், ஆற்றல் மிக்க அந்த மக்களிடையே தனக்கு முன்னோர் இல்லாததற்கு வருந்துகிறேன் என்று எழுதினார். ஒரு மனிதன் எந்த இனம் என்று பதிவுத்தாள் கேட்கும் நாட்டிலிருந்து வந்த நாம் அந்தக் கடிதத்தைத் தேடி வாசிக்கவேண்டும்.

'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' 1937 டிசம்பரில் தொடங்கி 1949இல் நிறைவுற்றது. தொழில்முறைத் தட்டச்சுக்குக் காசில்லாததால் பெரும்பகுதியைத் தாமே தட்டச்சு செய்தார். முதலில் வரைபடம், பிறகு கதை என்பது அவர் முறை. தூரமும் நாள்நடையும் பிசகினால் அத்தியாயத்தையே திருத்தினார். நிலவின் பிறைகளையும் 1941-42 நாட்காட்டியை வைத்துச் சரிசெய்தார். பதிப்பாளரின் மகன் ரேனர் அன்வின், இதில் 1,000 பவுண்ட் நட்டம் வரலாம் என்று தந்தைக்கு எழுதி, ஒப்புதல் பெற்றே பதிப்பித்தார். ஒப்பந்தப்படி செலவு திரும்பும்வரை எழுத்தாளருக்கு ஒரு சதமும் இல்லை, அதற்குமேல் இலாபத்தில் பாதி. ஒரே நூலாக அச்சிட்டால் விலை தாங்காது என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள். 1954 ஜூலை, 1954 நவம்பர், 1955 ஒக்டோபர். ஒவ்வொன்றும் 21 ஷில்லிங். மூன்றாவது பிந்தியதற்குக் காரணம் பின்னிணைப்புகள்.

கடலுக்கு அப்பால் ஒரு சட்ட ஓட்டை கதையை மாற்றியது. அமெரிக்காவில் அச்சிடாமல் இங்கிலாந்தில் அச்சான தாள்களை அளவுக்கு மீறி இறக்குமதி செய்ததால் அங்கே பதிப்புரிமை கேள்விக்குள்ளானது. 1965இல் ஏஸ் நிறுவனம் அனுமதி கேட்காமல் 75 சதத்துக்கு மலிவுப் பதிப்பு வெளியிட்டது. டோல்கீன் நூலைத் திருத்தி, புதிய முன்னுரை எழுதி, பலன்டைன் பதிப்பகம் மூலம் 95 சதத்துக்கு உரிமைபெற்ற பதிப்பைக் கொண்டுவந்தார். வாசகர்கள் எழுத்தாளரின் பக்கம் நின்றார்கள். ஏஸ் பணம் கொடுத்து விலகியது. அந்தச் சச்சரவின் விளம்பரத்தோடு நூல் பல்கலைக்கழக மாணவர் கைகளுக்குப் போனது. 1974இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு ஹொபிட் என்ற சொல்லையே எடுத்தாண்டு, உரிமையாளர்கள் எச்சரித்தபின் மாற்றிக்கொண்டது. எதிரெதிரான ஆட்களும் இதைச் சொந்தம் கொண்டாடினார்கள்: அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர், இத்தாலியில் 1977 முதல் 'ஹொபிட் முகாம்' நடத்திய தீவிர வலதுசாரி இளைஞர். முகாம்காரர்கள் மேலே சொன்ன கடிதத்தை வாசித்திருக்கவில்லை போலும். நாவலை வைத்து எடுத்த திரைப்படங்களில் மூன்றாவது, 2004இல் 11 ஒஸ்கார் விருதுகள் வென்றது. சனிக்கோளின் டைட்டன் என்ற துணைக்கோளில் மலைகளுக்கு இந்த நாவலுலகின் மலைப்பெயர்களைத்தான் வைக்கிறார்கள்.

பேர்மிங்ஹாமில் இருக்கும் நம்மவர்கள் சேர்ஹோல் ஆலையைப் பார்க்கலாம். 1896 முதல் 1900 வரை சிறுவன் டோல்கீன் அதன் எதிரே வாழ்ந்தார். அந்நகரின் எட்ஜ்பாஸ்டன் பகுதியிலுள்ள இரண்டு கோபுரங்கள்தான் நாவலின் இரண்டாம் தொகுதித் தலைப்பில் வரும் இரட்டைக் கோபுரங்கள் என்று சொன்னால் நம்ப அவசரப்படாதீர்கள். எந்த இரண்டு கோபுரங்கள் என்பதில் டோல்கீனே தடுமாறினார்.

படம் பார்த்த பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும்போது 1965 முன்னுரை உள்ள பதிப்பா என்று பாருங்கள். 1918 ஆகும்போது தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்ற வரி அதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் ஹொபிட் வரலாற்றுப் பகுதியில் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். அதைத் தாண்டி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கட்டும். மூன்று தொகுதிகளும் உள்ளே ஆறு நூல்களாகப் பிரிந்தவை. பலர் கைவிடும் அடுத்த இடம் இரண்டாம் நூலில் வரும் நீண்ட ஆலோசனைக் கூட்டம். அங்கே வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்தால் பேச்சு பிடிபடும். படத்தில் அறவே விட்டுவிட்ட ஒரு பகுதி உண்டு: ஆறாம் நூலின் எட்டாம் அத்தியாயம். போர் முடிந்து ஊர் திரும்பும் நால்வரும் மரங்கள் வெட்டப்பட்டு, ஆலை மாற்றப்பட்டு, புதிய ஆட்களின் கட்டளைகள் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதைக் காண்கிறார்கள். இதற்கு அடிப்படை, தனக்குப் பத்து வயதாவதற்குள் அழிக்கப்பட்ட தன் சிறுவயதுக் கிராமம் என்று முன்னுரையில் சொல்கிறார். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்த நம்மில் பலருக்கு அந்த அத்தியாயத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.