பனி உலரும் வரை

காலை ஆறு மணிக்கு வேன் விடுதி வாசலுக்கு வந்துவிடும். ஆறே முக்காலுக்குள் நாங்கள் பதினான்கு பேரும் தோட்டத்தில், அவரவருக்கு ஒதுக்கிய நிரையின் தலைப்பில், பழம் சேர்க்கும் பையை மார்பில் மாட்டிக்கொண்டு நிற்போம். ஆனால் கத்தரியை எடுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பர்னெட் ஆற்றங்கரையில் இருக்கிறது மண்டபெரா என்ற அந்தச் சிற்றூர். ஜூன் அங்கே குளிர்காலத்தின் தொடக்கம் என்பதால், இரவெல்லாம் இறங்கிய பனி பழத்தின் மேல் கை பட்டால் வழியும் அளவுக்கு நின்றிருக்கும். மேற்பார்வையாளர் அரை மணிக்கு ஒரு முறை வந்து ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று தலையசைத்துவிட்டுப் போவார். வெயில் ஏறிப் பழம் உலர ஒன்பது மணியாகும். அதுவரை நாங்கள் நின்ற நேரத்துக்கு ஊதியம் கிடையாது.

அங்கே விளைவது மாண்டரின் பழம். நாம் கமலா ஆரஞ்சு என்று சொல்வதன் இனம். அதன் தோலில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் நிறைந்திருக்கின்றன. நனைந்த தோல் நீரை ஏற்று விறைத்திருக்கும் வேளையில் விரல் சற்று அழுத்தினாலும் அந்தப் பைகள் உடைந்து, வெளிப்படும் எண்ணெய் சுற்றியுள்ள தோலைச் சுட்டுவிடும். பறித்த அன்று ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்துத்தான் பழுப்புத் திட்டுகள் தோன்றும், அந்தப் பழம் சந்தைக்குப் போகாது. ஆகவே உலரும் வரை காத்திருப்பது சரியான முறை, அதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. அந்தக் காத்திருப்பின் செலவு யாரைச் சேர்ந்தது என்ற கேள்விதான் நான் அந்த நாட்டில் தனியாக வேலை செய்த மாதங்கள் முழுவதும் என்னோடு இருந்தது.

அந்தக் கேள்வி எனக்குப் புதியதும் அன்று. என் அம்மா வால்பாறையில் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். மழைக்காலத்தில் இலை நனைந்திருக்கும் என்பதால், எடை போடும் இடத்தில் ஈரத்துக்கென்று சில கிலோ கழிப்பார்கள். சாக்குக்கும் தனியாகக் கழிப்பார்கள். எத்தனை கிலோ என்பது எடை போடுபவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. நாளுக்குரிய அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு என்பதால், கழிந்த கிலோ கழிந்த காசுதான். அம்மா அதிகம் படிக்காதவர், ஆனால் லைன் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு நாள்தோறும் தம் கணக்கை வைத்திருந்தார். நான் பி.காம். படித்ததும், கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்ததும் அந்தச் சுவரிலிருந்து தொடங்கியவை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இளைஞர்கள் ஓராண்டு தங்கி வேலையும் செய்ய விடும் ஆஸ்திரேலியாவின் பணி விடுமுறை விசா, 462 என்ற எண்ணால் அறியப்படுவது, இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். பள்ளிக்குப் பின் இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும். ஓரளவு ஆங்கிலமும் கையிருப்பில் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் காட்ட வேண்டும். விண்ணப்பிப்போர் மிகுதி என்பதால் முதலில் 25 டாலர் கட்டிக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் முதன்முறையாக நடந்த அந்தப் பதிவில் நானும் பெயர் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தை எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அங்க போயி என்ன வேலை கண்ணு செய்வ?” என்று கேட்டார். பழம் பறிக்கும் வேலை என்றேன். “அதுக்கா உன்னயப் படிக்க வெச்சேன்?” என்ற அவருடைய கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. ஒரு முறையாவது யாரும் அழைத்துப் போகாமல், யாருக்கும் மனைவியாகவோ மகளாகவோ இல்லாமல், ஓர் ஊரில் இறங்கி நிற்க வேண்டும் என்ற ஆசையை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிரிஸ்பேனில் இறங்கி, இரண்டு வாரம் கழித்து, மண்டபெராவுக்குப் போகுமுன், பண்டபெர்க் நகருக்குப் பேருந்தில் போனேன். வழியில் சில்டர்ஸ் என்ற ஊரில் ஒரு பழைய விடுதிக் கட்டடம் இருக்கிறது. 2000 ஜூன் 23 அன்று அங்கே ஒருவன் வைத்த தீயில், பழம் பறிக்க வந்து தங்கியிருந்த 15 இளைஞர்கள் இறந்துபோனார்கள். கட்டடத்தைப் புதுப்பித்து உள்ளே அவர்களுக்கு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் சிரித்த முகங்களாக வரையப்பட்டிருந்த ஓவியத்தின் முன் நான் நின்ற நேரம் குறைவுதான், ஆனாலும் அதன் பிறகு எந்த விடுதியில் தங்கினாலும் பையை வைக்குமுன் அவசர வழி எங்கே, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டே கட்டிலைத் தேடினேன். தனியாகப் போகும் பெண்களுக்கு ஆயிரம் எச்சரிக்கைகள் சொல்லப்படுகின்றன. இதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாண்டரினைப் பறிப்பது என்று சொல்வதே பொருந்தாது. அதை வெட்டத்தான் வேண்டும். இழுத்தால் காம்போடு தோல் கிழிந்து வந்துவிடும், காம்பை நீளமாக விட்டாலோ, பறித்ததைக் கொட்டும் பெரிய தொட்டியில் அடுத்த பழத்தைக் குத்தும். ஆகவே சிறு கத்தரியால் முதலில் கிளையிலிருந்து ஒரு வெட்டு, பிறகு காம்பைத் தோலோடு ஒட்ட இன்னொரு வெட்டு. ஒரு பழத்துக்கு இரண்டு வெட்டு. பை நிறைந்தால் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், ஏணியிலிருந்து அதோடு இறங்க வேண்டும். தொட்டிக்குள் குனிந்து, பையின் அடிப்பக்கத்தைத் திறந்து, பழம் விழாமல் வழியும்படி மெல்ல இறக்க வேண்டும். தொட்டி ஒன்று கிட்டத்தட்ட 400 கிலோ கொள்ளும். தைவானிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு என்னை இணைத்திருந்தார்கள். முதல் நாள் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தொட்டியைக்கூட நிரப்பவில்லை. மூன்றாம் வாரத்தில்தான் கை தானாகப் போகத் தொடங்கியது. கண் ஒரு பழத்தில் இருக்கும்போதே இடக்கை அடுத்ததைப் பிடித்திருக்கும். அம்மா கொழுந்து பறிக்கும்போது கையைப் பார்க்கவே மாட்டார். பக்கத்து நிரையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே பறிப்பார். சிறுவயதில் அதை நான் ஒரு திறமையென்று எண்ணியதே இல்லை. ஏணியின் மேல் நின்று அதை நினைத்த அன்று எனக்கு மிகுந்த வெட்கமாக இருந்தது.

என் முதல் முழு வார ஊதியச் சீட்டில் வேலை நேரம் 32.5 மணி என்றும், தொட்டிக் கணக்கில் ஊதியம் 1,010 டாலர் என்றும் இருந்தது. என் நோட்டில் நான் எழுதி வைத்திருந்த நேரம் 43.75 மணி. வித்தியாசம் முழுவதும் பனிக்காகக் காத்திருந்த காலைகள். முதலில், தொட்டிக்குத்தானே கூலி, நேரம் எவ்வளவு போட்டால் என்ன என்று நினைத்தேன். அன்றிரவு விதிகளைப் படித்தபோதுதான் புரிந்தது. 2022 ஏப்ரல் 28 முதல் அந்த நாட்டின் தோட்டத் தொழிலில், எண்ணிக்கைக் கணக்கில் ஊதியம் பெறுபவருக்கும் மணிக்கணக்கிலான குறைந்தபட்ச ஊதியம் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. அவர் நிரப்பிய தொட்டிகளின் மதிப்பு அதைவிடக் குறைந்தால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.10 டாலர், நிரந்தரமற்ற பணியாளருக்கு அதன் மேல் 25 விழுக்காடு சேர்த்தால் 30.13 டாலர். 32.5 மணிக்கு அது 979 டாலர், நான் பெற்றதோ 1,010, விதி நிறைவேறிவிட்டது. 43.75 மணிக்குக் கணக்கிட்டால் 1,318. எனக்கு அந்த வாரம் 308 டாலர் குறைந்திருந்தது. ஒரு கணக்காளராகச் சொல்கிறேன்: கூட்டலில் பிழையே இல்லாத அந்தச் சீட்டு, நேரத்தைக் குறைத்ததன் மூலம் மட்டுமே நேர்மையாகத் தெரிந்தது.

மற்றவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. யாரும் கேட்காததற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் ஆண்டுக்கு விசா வேண்டுமென்றால், நகரங்களுக்கு வெளியே இத்தகைய வேலையை மூன்று மாதம், அதாவது 88 நாள் செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரமாகிய ஊதியச் சீட்டைத் தருபவர் யாரோ, நம் நேரத்தைக் குறைப்பவரும் அவரே. 2024 ஜூலை முதல் பிரிட்டன் நாட்டவருக்கு அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டதால், எங்கள் விடுதிக்கு வந்த இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள் மூன்று நாள் பனியில் நின்றுவிட்டு நான்காம் நாள் கிளம்பிப் போனார்கள். நாங்கள் நாட்களை எண்ணிக்கொண்டு நின்றோம். தனிமையின் உண்மையான எடையை நான் உணர்ந்தது அந்த நாட்களில்தான். வீட்டு நினைவு வரும், போகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு அநியாயத்தைக் கண்டபின், “இது சரிதானா?” என்று தாய்மொழியில் கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லாதது வேறு வகையான பாரம்.

பக்கத்து நிரைகளில் பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்தார்கள். பசிபிக் தீவினருக்கென்று உள்ள தனித் திட்டத்தில் வந்த அவர்களுக்குக் குறைந்தபட்ச வேலை நேரம் உறுதி உண்டு, ஆனால் அழைத்து வந்த நிறுவனத்தை விட்டுத் தம் விருப்பப்படி வேறிடம் போக முடியாது. அவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, பனி உலரும் நேரத்தில் என்னோடு தேநீர் குடிப்பார். இந்தக் குயின்ஸ்லாந்தில் முதலில் பருத்திக்காகவும் பிறகு கரும்புக்காகவும் 1863 முதல் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 62,000 தீவினர், சிலர் ஆசை காட்டியும் சிலர் கடத்தியும், கொண்டுவரப்பட்டார்கள். வயலில் கிடந்த எரிமலைக் கற்களைப் பொறுக்கி அவர்கள் அடுக்கிய சுவர் பண்டபெர்க்கில் இன்றும் நிற்கிறது. அவருடைய முன்னோரிலும் ஒருவர் அப்படி வந்தவராம். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறி வந்த என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நான் சொன்னேன். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “நான் கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நீ கேட்டால் அடுத்த தோட்டத்துக்குத்தானே போக வேண்டும்?” என்றார். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. ஆனால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள், எங்களைத் தோட்டத்துக்கு அனுப்பிக் கூலி தரும் ஒப்பந்தக்காரரிடம் பேசினேன். அதற்கு முன் மூன்று காரியம் செய்திருந்தேன்: குயின்ஸ்லாந்தில் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதால் பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரைச் சரிபார்த்தேன், வேனில் ஏறிய நேரத்தையும் முதல் வெட்டு விழுந்த நேரத்தையும் நாள்வாரியாகப் படியெடுத்தேன், விசாவைக் காட்டி மிரட்டித் தொழிலாளியை நெருக்குவது 2024 ஜூலை முதல் தண்டனைக்குரிய குற்றம் என்பதை இரண்டு முறை படித்து மனத்தில் நிறுத்திக்கொண்டேன். பனி பெய்வது தம் குற்றமா என்று அவர் கேட்டார். இல்லை, ஆனால் ஆறு மணிக்கு வேன் அனுப்புவது உங்கள் முடிவு, வரச் சொன்ன இடத்தில் உங்கள் சொல்லுக்காகக் காத்து நிற்பது வேலைதான் என்றேன். குரல் நடுங்கியது. இருந்தாலும் முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் வேன் எட்டரை மணிக்கு வந்தது. காத்திருப்பு ஏறக்குறைய நின்றுபோனது. எல்லோரும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினோம். நிலுவையாக நான் எழுதிக் கொடுத்த நான்கு வாரத்துக்கான தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எனக்கு மட்டும் வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. தைவான் தோழி மட்டும் என் தாளைப் பார்த்துத் தன் கணக்கை எழுதத் தொடங்கினாள். தொழிலாளர் உரிமைகளைக் கண்காணிக்கும் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்துக்குப் பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க வழி உண்டு, அதையும் செய்தேன். அதன் முடிவு என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியவரவில்லை. 88 நாள் நிறைந்ததும் அந்த ஒப்பந்தக்காரரிடமிருந்து விலகி, பழத்தைத் தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் மணிக்கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன். 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஊதியம் 24.95 டாலராக உயர்ந்திருந்தது.

கொட்டகையில் என் வேலை, உருளைகளின் மேல் ஓடிவரும் பழங்களில் பழுதானவற்றை எடுத்துச் சாறு பிழியும் பக்கம் தள்ளுவது. ஒரு நாள் தொடர்ந்து பழுப்புத் திட்டு விழுந்த பழங்களாகவே வந்தன. விரல் பட்ட இடமெல்லாம் அப்படியே பதிந்திருந்தது. கட்டைவிரலின் அகலம்கூடத் தெரிந்தது. பனி உலருமுன் யாரோ வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். காத்து நிற்கும் நேரத்துக்குக் காசில்லாதபோது, மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பிய சமயத்தில் நானும் அப்படி நான்கைந்து பழம் வெட்டியதுண்டு.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அந்தப் பழத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டார். சாறு பிழிய அனுப்பிவிடுவார்கள் என்றேன். சற்று நேரம் கழித்து, “பறிச்ச புள்ளைக்கு அதுல எவ்வளவு கழிச்சாங்க?” என்றார். தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பழைய விடுதிக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.