பெலாஜிக், டெமர்சல், ஒரு கூடை காரல்

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் இறங்கும் கரைகளில் கணக்கெடுப்பது என் வேலை. படிவத்தில் மீன்களுக்கு இரண்டு பெரிய தலைப்புகள்: பெலாஜிக், டெமர்சல். சாளை, நெத்திலி, சீலா முதலாவதில். காரல், திருக்கை, நகரை இரண்டாவதில். மேல்தண்ணீரிலும் நடுத்தண்ணீரிலும் திரிவது பெலாஜிக், தரையை ஒட்டி வாழ்வது டெமர்சல். வேலைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்குத்தான் போதவில்லை, அகராதியைப் புரட்டினேன். பெலகோஸ் என்றால் கிரேக்கத்தில் கடல். அது லத்தீன் வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. ஆர்க்கிபெலாகோவுக்குள் இருப்பதும் இதே பெலகோஸ்தான். ஆர்க்கிபெலாகோ என்பது முதலில் கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலின் பெயர். அங்கே பார்த்த இடமெல்லாம் தீவு என்பதால், போகப்போகத் தீவுக்கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

டெமர்சல் வயதில் ரொம்ப இளையது, 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்குள் இருப்பது லத்தீன் மெர்கெரே, முங்குதல், முக்குதல் என்று பொருள். பேங்க் மெர்ஜரும் அந்த வழிதான், எமர்ஜென்சியும் அந்த வழிதான். முங்கிக் கிடந்தது திடீரென மேலே வந்தால் எமர்ஜென்சி!

பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள். விசைப்படகு இழுத்துவரும் வலையான இழுவைமடியில் தரைமீனோடு, மேல்தண்ணீர் மீனான சூடையும் சேர்ந்தே ஏறும். மீன் தரம் பிரிக்கிற அக்கா ஒருவர், "எல்லாம் ஒரே மடியில வந்ததுதான தம்பி, எதுக்குப் பிரிச்சுப் பிரிச்சு எழுதுறீக?" என்றார். தலைப்பு மீனின் குணத்துக்கு, வலைக்கு இல்லை என்றேன். சரி, இதைப் பாருங்க என்று கூடையிலிருந்து ஒரு காரலை எடுத்தார். கை முழுக்கப் பிசுபிசுப்பு. உதட்டைப் பிடித்து இழுத்தார். வாய் குழாய்போல நீண்டு கீழே வளைந்தது. தரையைக் கிளறித் தின்கிற வாய். இன்னொரு காரலை இழுத்தார், அதன் வாய் மேலே பார்த்து நீண்டது. தண்ணீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்கிற சாதி அது.

படிவத்தில் காரலுக்கு இருப்பது ஒரே வரி, டெமர்சலுக்குக் கீழே. இரண்டையும் அதில்தான் எழுதினேன்.