புல்லுக்கும் பனிக்கும் ஒரே டிராக்டர்: டயர் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, வடக்கே பேரி, ஒரிலியா பக்கமோ கிழக்கே பீட்டர்பரோ பக்கமோ ஒரு ஏக்கர் வளவோடு வீடு வாங்குகிறவர்களுக்கு முதல் வருடமே ஒரு டிராக்டர் தேவைப்பட்டுவிடும். மே முதல் ஒக்டோபர் வரை புல். நவம்பர் கடைசியில் தொடங்கினால் மார்ச் முடியும் வரை பனி. இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்று முடிவெடுப்பது சரிதான். ஆனால் குதிரைவலு எவ்வளவு, பிளேடு எத்தனை அங்குலம், எந்தக் கம்பனி என்றெல்லாம் மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள் டயரைப் பற்றி வாயே திறப்பதில்லை. முதல் கனத்த பனி விழுந்த காலையில், எஞ்சின் உறும, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்போதுதான் அது விளங்கும்.

முதலில் அளவு. டயரின் பக்கச்சுவரில் 20×8.00-8 என்று இருந்தால், முதல் எண் டயரின் மொத்த உயரம், அடுத்தது அகலம், கடைசி எண் ரிம்மின் விட்டம். மூன்றும் அங்குலக் கணக்கு. சிறிய லான் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்னால் இந்த அளவும் முன்னால் 15×6.00-6 அளவும் இருக்கும். கனமான கார்டன் டிராக்டர்களில் பின்னால் 23×10.50-12, முன்னால் 16×6.50-8 என்பது வழக்கம். வண்டியோடு வந்த அளவை மாற்றாதீர்கள். பெரிய டயர் போட்டால் பனியில் நன்றாக ஏறும் என்று நினைத்து மாற்றினால், ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டுக்கும்) டயருக்கும் நடுவே, பனிக்காக டயரில் மாட்டும் சங்கிலி சுற்ற இடம் இருக்காது. புல் வெட்டும் உயரமும் மாறிவிடும். எல்லாவற்றையும் விட, டிரான்ஸ்மிஷனுக்குச் சுமை கூடும். விலை குறைந்த லான் டிராக்டர்களில் உள்ள, எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் புல் வெட்டுவதற்கு அளவாகச் செய்தது. அதன் மேல் கூடுதல் பாரம் ஏற்றினால் முதலில் தேய்வது அதுதான்.

அடுத்தது டயரின் முகம். இங்கேதான் ஆட்கள் தவறுகிறார்கள். ஊரில் மெஸ்ஸி ஃபெர்குசன் சேற்று வயலில் இறங்குவதைப் பார்த்த கண்ணுக்கு, சரிந்த பெரிய ரப்பர் கட்டைகள் வைத்த உழவு டயர்தான் பிடிமானம் என்று பதிந்திருக்கும். (அந்தப் பெயரின் பாதி ஒன்டாரியோவுக்குச் சொந்தம், டொராண்டோவின் மெஸ்ஸி-ஹாரிஸ் கம்பனி 1953இல் ஃபெர்குசனோடு இணைந்தது.) ஆர்-1 என்று குறிக்கப்படும் அந்த டயர் சேற்றிலும் ஆழமான, இறுகாத பனியிலும் உண்மையிலேயே கடித்து இழுக்கும். ஆனால் டிரைவ்வேயில் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் காரேறி இறுகிய பனி, உறைமழை பெய்து பளபளக்கும் ஐஸ். அதன் மேல் கட்டைகளின் முனை மட்டுமே தரையைத் தொடும். ரப்பர் தொடும் பரப்பு குறைவு, வழுக்கும். கோடையில் இதே டயரோடு புல்லில் திரும்பினால் வண்டியின் எடை முழுவதும் அந்தக் கட்டைகளில் இறங்கி, திரும்பும் இடத்தில் வேரோடு பிய்த்துப் போடும். ஆர்-4 எனப்படும் தொழிற்சாலை டயர் நடுவழி; அதன் பக்கச்சுவர் தடிப்பு. சரளைப் பாதையும், மண் அள்ளும் லோடர் வேலையும் இருந்தால் பொருந்தும். ஈரப் புல்லில் அதுவும் தடம் விடும்.

எனவே எங்கள் தீர்ப்பு இதுதான்: வருடம் முழுக்க ஆர்-3 எனப்படும் டர்ஃப் (புல்தரை) டயரே இருக்கட்டும். அகலமான முகம், ஆழம் குறைந்த சிறு கட்டைகள், புல்லுக்குச் சேதமில்லை. பனிக்குத் தேவையான பிடியைச் சங்கிலியும் எடையும் கொடுக்கும். இரண்டையும் ஏப்ரலில் கழற்றி வைத்துவிடலாம்.

சங்கிலி வாங்கும்போது டயர் அளவை மட்டும் சொல்லாமல், ‘இரண்டு கண்ணி இடைவெளி’ உள்ளதா என்று கேளுங்கள். ஏணி போலக் குறுக்கே போகும் சங்கிலிகள் பக்கச் சங்கிலியின் இரண்டு கண்ணிக்கு ஒன்றாக வந்தால், எந்த நேரமும் ஒரு குறுக்குச் சங்கிலி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான்கு கண்ணிக்கு ஒன்று வருவது மலிவு. ஆனால் சக்கரம் இடைவெளியில் வந்து வந்து வழுக்கும், வண்டியும் குலுங்கும். உழவு டயரில் போட்டாலோ குறுக்குச் சங்கிலி கட்டைகளுக்கு நடுவே போய் விழுந்துவிடும். டர்ஃப் டயரில் அந்தத் தொல்லை இல்லை. இன்டர்லாக் கல் பதித்த பாதையென்றால் இரும்புச் சங்கிலி கீறல் போடும். ரப்பர் பட்டைச் சங்கிலி வாங்குங்கள்.

மாட்டுவது இப்படி. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்குங்கள். டயரில் பாதிக் காற்றை இறக்குங்கள். சங்கிலியை மேலிருந்து போர்த்தும்போது குறுக்குக் கொக்கிகளின் வளைந்த முனை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். டயரைப் பார்த்து இருந்தால் பக்கச்சுவரை அரித்துவிடும். முதலில் உட்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம். முடிந்த அளவு இழுத்து மாட்டிவிட்டுக் காற்றை மறுபடி நிரப்பினால், டயர் விரிந்து சங்கிலியைத் தானே இறுக்கிக்கொள்ளும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து இன்னொரு கண்ணி இறுக்குங்கள். தொங்கும் நுனியைக் கம்பியால் கட்டிவிடுங்கள்; இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபெண்டரில் அடிக்கும். இரண்டு பின்சக்கரத்துக்கும் போட வேண்டும். இரண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு இல்லாத வண்டியில் ஒரு பக்கம் வழுக்கினால் மறுபக்கத்துக்கு இழுவை போகாது.

எடை ஏன் என்றால், முன்னால் பனியை வாரி எறியும் ஸ்நோ புளோவரோ, தள்ளும் பிளேடோ மாட்டித் தூக்கியதும் பாரமெல்லாம் முன்னச்சுக்குப் போய், பின்சக்கரம் லேசாகிவிடும். சங்கிலி எவ்வளவு நல்லதானாலும் அழுத்தம் இல்லாமல் கடிக்காது. சக்கரத்தில் பூட்டும் இரும்பு எடையும், பின்னால் தொங்கவிடும் எடையும் கையேட்டில் சொன்ன அளவுக்குள் போடுங்கள். டயருக்குள் திரவம் நிரப்புவது இன்னொரு முறை. வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை நிரப்பினால் 23×10.50-12 டயர் ஏறத்தாழ 30 லிட்டர் பிடிக்கும். −40 டிகிரி வரை உறையாத, கார் கண்ணாடி கழுவும் வாஷர் திரவத்தில் 3.78 லிட்டர் கேன் எட்டு. ஆனால் அதில் மெத்தனால் இருக்கிறது: நஞ்சு, தீப்பற்றும், அந்த ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. பச்சைத் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு ரிம்மை அரிக்கும். காரின் பழைய ஆன்டிஃப்ரீஸ் கசிந்தால் நாய் பூனை நக்கிச் சாகும். புல்லும் வெட்டும் வண்டிக்கு, கழற்றக்கூடிய இரும்பு எடையே மேல். கோடையில் அந்த 30 லிட்டரும் புல்லின் மேல்தான் உருளும்.

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கச்சுவரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு. போட வேண்டிய அளவு கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் பின்னால் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் 14 அளவில். 20 டிகிரியில் 10 பிஎஸ்ஐ அடித்த டயர், −20 டிகிரி வந்ததும் கசிவே இல்லாமல் ஆறரைக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் சங்கிலியோடு பக்கவாட்டில் திரும்பினால் டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகி, காற்று முழுவதும் போய்விடும். கார் டயர் பார்க்கும் மானியில் இந்தச் சிறு அழுத்தம் சரியாகத் தெரியாது. 20 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் மானி தனியாக வாங்குங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் காற்று சமமாக இல்லாவிட்டால் கோடையில் புல் வெட்டும் டெக் ஒரு பக்கம் சாய்ந்து, புல் படிக்கட்டுப் போல வெட்டுப்படும்.

சிறிய லான் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்தைப் பிடிப்பது நட்டு அல்ல. பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் உள்ளே ஒரு கிளிப், அதன் பின்னால் வாஷர், அச்சின் பள்ளத்தில் ஒரு சதுர ஆப்பு. சக்கரத்தை உருவும்போது அந்த ஆப்பு பனியிலோ புல்லிலோ விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. கீழே ஒரு அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து சக்கரம் அச்சோடு துருப்பிடித்து ஒட்டிப்போவது இங்கே சகஜம். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி, அச்சைத் துலக்கி, துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவி மாட்டினால் அந்தப் பிரச்சினை வராது.

ஏப்ரலில் பனி உருகியதும் அவசரப்படாதீர்கள். களிமண் நிலம் அப்போது ஊறிக் கிடக்கும். செருப்புக் குதி புதைந்தால் டிராக்டரை இறக்க வேண்டாம். எடைகளைக் கழற்றி, சங்கிலியை உப்புப் போகக் கழுவி, எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். குறுக்குக் கண்ணி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கோடையிலேயே புதியது சொல்லி வையுங்கள். முதல் பனிக்குப் பிறகு கடையில் உங்கள் அளவு இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.