மருமகனின் கொப்பி

வெள்ளவத்தையில் அக்கா வீட்டு மேசையில் பெரியவனின் தரம் 4 கொப்பி கிடக்கிறது. தை மாதம் கோட்டில் நின்ற எழுத்து, ஆனியில் சரிந்து கீழே இறங்குகிறது. கவனமில்லை என்று ஏசினோம். நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அவனுக்கு அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரோபி. மூளை நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை அழிகிற பரம்பரை நோய். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், தாய் காவியானால், அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவரானால், ஒவ்வொரு மகனுக்கும் 50 வீத வாய்ப்பு. அக்கா தன்னையே நொந்து அழுகிறார். நீங்கள் செய்த பிழை எதுவுமில்லை, அக்கா!

சின்னவனுக்கும் நேற்று இரத்தம் எடுத்தோம், இந்த நோயில் உயரும் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்க்க. கூடியிருந்தாலும், மூளையில் மாற்றம் தொடங்கும்போதே பிடித்தால் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால் நோயை நிறுத்த வழியுண்டு. பஞ்சு ஒட்டிய கையை அண்ணாவிடம் காட்டிக்கொண்டு நிற்கிறான்.